அறுநூற்றுப் பதினோரு வரிகள்

அச்சகத்தில் எல்லாரும் அவரைப் பேனாக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ப்ரூஃப் தாளில் சிவப்புப் பேனாவால் குறி போடுகிறவர் அவர். இருபத்திரண்டு வருடமாக அவர் கையெழுத்து இல்லாமல் அங்கே எந்த வேலையும் மெஷினில் ஏறியதில்லை. ஒரு தாளைக் கையில் எடுத்தால், கண்ணில் பட்ட அத்தனை பிழையையும் குறித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். தலைப்பை மட்டும் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டாலும் அடிக்குறிப்பின் கடைசிப் புள்ளிவரை போய்விட்டு வருவார். பிழையைப் பார்த்த பிறகும் அதை விட்டுவைப்பது அவரைப் பொறுத்தவரை பொய் சொல்வதற்குச் சமம்.

போன வருடம் அந்தக் கையெழுத்து ஒருமுறை காலை வாரிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்று தன் நர்ஸ்களுக்காக வருடத்துக்கு ஒருமுறை மருந்தளவுப் புத்தகம் அச்சடிக்கும். சட்டைப்பையில் அடங்குகிற அளவு, தொண்ணூற்றாறு பக்கம், நடுவில் இரண்டு பின். ஒவ்வொரு பக்கத்தின் வெளியோரத்திலும் மருந்தின் அளவு எண்ணாக இருக்கும். இருபத்துநான்கு தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து மடித்தால், உள்ளே இருக்கும் தாள் வெளியே பிதுங்கும். ஓரத்தைச் சமமாக வெட்டும்போது நடுப்பக்கங்கள் மற்றவற்றைவிட இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் அதிகமாக வெட்டுப்படும். அதனால் உள்ளே போகப்போகப் பக்கங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மடிப்பை நோக்கி நகர்த்தி அச்சடிக்க வேண்டும். இதற்கு அந்த அச்சகத்தில் பிதுக்கம் பார்ப்பது என்று பெயர். பக்கங்களைத் தாளில் அடுக்கித் தரும் புரோகிராம் அதையும் பார்த்துக்கொள்ளும் என்று எல்லாரும் நம்பினார்கள்.

அது பார்த்துக்கொள்ளவில்லை. நாற்பத்தொன்பதாம் பக்கத்தில் 7.5 என்று இருந்த அளவில் புள்ளியும் ஐந்தும் வெட்டோடு போய், 7 மட்டும் மிஞ்சியது. பெட்டியைப் பிரித்த தலைமை நர்ஸ் அன்றைக்கே கவனித்துவிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நானூறு பிரதியும் கழிவுத்தாளாகப் போனது. பேனாக்கா தன் கையெழுத்துள்ள ப்ரூஃப் தாளை எடுத்துப் பார்த்தார். மடிக்காத அந்தத் தாளில் 7.5 முழுசாகவே இருந்தது. அவர் படித்தது சரி. படித்தது புத்தகத்தை அல்ல, தாளை. அன்றிலிருந்து மடித்து வெட்டிப் பார்க்காத எதிலும் அவர் கையெழுத்துப் போடுவதில்லை.

அந்தப் புத்தகத்தை மறுபடி அச்சடிக்க, ஒவ்வொரு பக்கத்தையும் கையாலேயே நகர்த்தினார். நகர்த்துவது, மடித்து வெட்டிப் பார்ப்பது, திரும்ப நகர்த்துவது என்று மூன்று நாள் போனது. மூன்றாம் நாள் சாயங்காலம் கண் எரிந்தபோது, அடுத்த வருடம் இப்படிக் கண்ணை நம்பி இதைச் செய்யக் கூடாது என்று முடிவு செய்தார்.

அந்தப் புரோகிராம் ஓப்பன் சோர்ஸ். அதன் உட்புறம் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். ஏற்பதா வேண்டாமா என்பதை அதைப் பராமரிப்பவர்கள் பார்த்துச் சொல்வார்கள். பேனாக்காவுக்குக் கோட் எழுத யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பக்க எண் போடும் அலுப்பான வேலைக்காகப் பத்து வருடத்துக்கு முன் ஓர் இருபது வரியை எங்கிருந்தோ எடுத்து, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். புரோகிராமின் அந்தப் பகுதியைத் தாளில் அச்சடித்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எட்டு மாதம் படித்தார். ப்ரூஃப் படிப்பதுபோலவே, அடிக்கோல் வைத்து, வரி வரியாக.

பிழை கிடைத்தது. ஒரு தாளுக்குப் பிதுக்கம் ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீட்டர். புரோகிராம் அதை முதலில் முழு எண்ணாக்கிவிட்டு, பிறகு தாள்களின் எண்ணிக்கையால் பெருக்கியது. முழு எண்ணாக்கினால் அது பூஜ்யம். பூஜ்யத்தை எதால் பெருக்கினால் என்ன?

முதலில் பெருக்கி, கடைசியில் முழுமையாக்கும்படி மாற்றினார். அட்டையின் தடிமனையும் சேர்த்துக்கொண்டார். தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார்; சரியாக வந்தது. விஷயம் அதோடு முடிந்திருக்கும், முதலாளி மட்டும் புதுக் கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருக்காவிட்டால்.

"அடுத்த மாசம் புது மெஷின் வருது பேனாக்கா. புரோகிராமோட புதுப் பதிப்பும் அப்பதான் வருதாம், அதையே போட்டுக்கலாம்."

"பழசுல என் திருத்தம் இருக்கு. அதைப் புதுசுலயும் ஒட்டிக்கிறேன்."

"வேணாம். இங்க இருக்கிறது எல்லாமே யார் வந்து உட்கார்ந்தாலும் ஓடணும். நீங்க ரெண்டு நாள் லீவு போட்டா, யாராவது அப்டேட்ட அழுத்திடுவாங்க. உங்க திருத்தம் போன எடம் தெரியாது. அப்பறம் இன்னொரு தடவ ஆஸ்பத்திரிக்கு நான் பதில் சொல்ல முடியாது."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஆக, திருத்தம் புரோகிராமுக்குள்ளேயே போக வேண்டும். புதிய திருத்தம் எதையும் ஏற்காமல் புதுப் பதிப்பு மூடப்படும் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. பேனாக்கா திருத்தத்தை அனுப்பினார்.

பதில் இல்லை. ஒரு வாரம் போனது. பராமரிப்பவர்கள் இரண்டே பேர். அவர்களில் அச்சுப் பகுதியைப் பார்க்கிறவர் தன் படத்துக்குப் பதிலாக ஓர் ஆமையை வைத்திருந்தார். அதே அச்சகத்தில் மடிக்கும் மேசையில் வேலை பார்க்கும் நாத்தனாருக்குக் கேலி செய்ய அது போதுமானதாக இருந்தது.

"என்ன அண்ணி, ஆமை தலைய நீட்டுச்சா?"

"இல்ல."

"ஓட்டத் தட்டிப் பாத்தீங்களா?"

தட்டிப் பார்த்தாயிற்று. ஒன்பதாம் நாள் ஒருமுறை, பன்னிரண்டாம் நாள் ஒருமுறை ஞாபகப்படுத்தி எழுதியிருந்தார். பதினைந்தாம் நாள் காலையில் மூன்றாவதை எழுதிக்கொண்டிருந்தபோது, வேலைக்குக் கிளம்பிய கணவர் பின்னால் நின்று படித்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"லிஃப்ட்டுக்கு நிக்கிறவங்க பட்டன டொக்கு டொக்குனு அழுத்திக்கிட்டே இருப்பாங்க. அதனால லிஃப்ட் சீக்கிரம் வந்து நான் பாத்ததில்ல. பட்டன்தான் ரிப்பேராகி எனக்கு வேலை வரும்."

"அப்ப சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

"எந்த மாடியில நிக்குதுன்னு பாரு. ஆளுங்க ஏறி எறங்கிட்டு இருந்தா வரும்."

பார்த்தார். வரிசையில் அவருக்கு முன்னால் எண்பத்துமூன்று பேர் இருந்தார்கள்; வரிசை மெதுவாக நகர்ந்துகொண்டுதான் இருந்தது. எழுதிக்கொண்டிருந்த செய்தியை அழித்துவிட்டு அச்சகத்துக்குப் போனார்.

பத்தொன்பதாம் நாள் ஆமை எழுதியது: "வணக்கம். முதன்முறையாக அனுப்பியிருக்கிறீர்கள், நன்றி. தாமதத்துக்கு மன்னியுங்கள். இதில் அறுநூற்றுப் பதினோரு வரிகள் மாறியிருக்கின்றன. எந்த வரிக்காக இதை அனுப்பினீர்கள்?"

பேனாக்காவுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. படித்த எட்டு மாதத்தில் அவர் கண்ணில் பட்டதையெல்லாம் சரிசெய்திருந்தார். ஏற்ற இறக்கமாகக் கிடந்த வரிகளை நேராக்கியிருந்தார். விளக்கக் குறிப்புகளின் எழுத்துப் பிழைகளைத் திருத்தியிருந்தார். யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஓட்டை உடைசலை நீக்கியிருந்தார். வீட்டைப் பெருக்கி மெழுகிக் கொடுத்தால், எதற்கு வந்தாய் என்கிறானே.

மதியம் நாத்தனாரிடம் சொன்னார். அவள் மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க ப்ரூஃபத் திருப்பி அனுப்பினா நம்ம டிசைனர் என்ன சொல்லுவார் தெரியுமா?"

"என்ன சொல்லுவாராம்?"

"'தாள் மேல வச்சுக் கோழி அறுத்தாங்களா'ன்னு கேப்பார்."

"ஒழுங்கா வேலை செஞ்சா நான் ஏன் செவப்பாக்கப் போறேன்?"

"அது சரி. அந்தச் செவப்புல உயிர் போற தப்பு ஒண்ணே ஒண்ணுதான்னு வைங்க. மத்ததெல்லாம் கமா, புள்ளி. அந்த ஒண்ண அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?"

"தேடுவார்."

"நாப்பது வேலைய மேசையில வச்சுக்கிட்டா?"

பேனாக்கா எழுந்தார். சாப்பிட்ட டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, தான் அனுப்பிய மாற்றங்களின் பட்டியலைத் திறந்தார். பிதுக்கத்துக்கான வரிகள் ஏழு. அந்த ஏழு எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்க, எழுதிய அவருக்கே கால் மணி நேரம் பிடித்தது.

மறுநாள் ஏழு வரியை மட்டும் தனியாக அனுப்பினார். மேலே இரண்டே வாக்கியம் எழுதினார்: இதைச் செய்தால் இப்படி வெட்டுப்படுகிறது; இந்த மாற்றத்துக்குப் பிறகு வெட்டுப்படவில்லை. மிச்சம் அறுநூற்று நான்கு வரியைத் தொடாமல் விட்டபோது, தலைப்பில் பிழையுள்ள தாளை மெஷினுக்கு அனுப்புவதுபோல உள்ளங்கை அரித்தது.

இரண்டே நாளில் பதில் வந்தது. "இப்போது புரிகிறது. ஆனால் நான் அச்சகத்தில் வேலை பார்த்தவன் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு சாப்பாட்டு மேசையும் வீட்டுப் பிரிண்டரும்தான். இந்த எண்கள் சரி என்று எனக்கு எப்படித் தெரியும்?"

பேனாக்கா தனக்கு இருபத்திரண்டு வருட அனுபவம் என்று எழுதினார்.

"உங்களை நம்புகிறேன். ஆனால் அடுத்த வருடம் இதே வரியை மாற்ற வருகிறவருக்கு உங்களைத் தெரியாது. அவர் தப்பாக மாற்றினால் புரோகிராமே அவரைத் தடுக்க வேண்டும். அதற்கு ஒரு சோதனை எழுதித் தர முடியுமா? எந்தத் தாள் எவ்வளவு நகர வேண்டும் என்ற அட்டவணை இருந்தால் போதும்."

அதைப் பேனாக்கா இரண்டு தடவை படித்தார். எரிச்சல்படத்தான் நினைத்தார்; முடியவில்லை. மடித்து வெட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிற ஓர் ஆள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

பிதுக்கத்தை அளக்க மடிக்கும் மேசைக்காரர்களிடம் ஒரு வழி இருக்கிறது. வெற்றுத் தாளில் புத்தகம் செய்து, அட்டையோடு பின் அடித்து, ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளித் தடித்த ஊசியால் மொத்தப் புத்தகத்தையும் ஒரே குத்தாகக் குத்துவார்கள். பிறகு பின்னைக் கழற்றித் தாள்களைப் பிரித்தால், மடிப்பிலிருந்து துளைவரை உள்ள தூரம் தாளுக்குத் தாள் குறைந்துகொண்டே போகும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பிதுக்கம். நாத்தனார் ஐந்து புத்தகம் செய்து கொடுத்தாள்.

"ஆமைக்கு ஊசி போடறீங்களாக்கும்."

"நேரா குத்து. சாய்ஞ்சா மறுபடியும் செய்யணும்."

"டாக்டர் சொன்னா சரி."

ஐந்து புத்தகம், புத்தகத்துக்கு இருபத்துநான்கு தாள். இரும்பு ஸ்கேலும் பூதக்கண்ணாடியும் வைத்து நாலு நாள் மதியம் அளந்து நோட்டில் எழுதினார். ஐந்தின் சராசரியை எடுத்து, இருபத்துநான்கு எண்களைச் சோதனையாக எழுதி அனுப்பினார். வித்தியாசம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் சோதனை தடுக்க வேண்டும், அதுவரை போகலாம் என்று ஆமை திருத்தம் சொன்னார். மாற்றினார். செவ்வாய்க்கிழமை ஆமை தன் ஒப்புதலைப் போட்டார். இரண்டு பேர் ஒப்புக்கொண்டால்தான் உள்ளே போகும். மற்றவர் வியாழக்கிழமை பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். வெள்ளி சாயங்காலம் பதிப்பு மூடுகிறது.

புதன்கிழமை காலையில் பஸ் கம்பெனியின் வழித்தட மடிப்பிதழ் வந்தது. எட்டே பக்கம், இரண்டு தாள். நடுவில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு வரைபடம். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சாய்வாக ஓடும் நீலக் கோடு. நாத்தனார் மடித்து வெட்டிக் கொண்டுவந்த மாதிரியைப் பேனாக்கா விரித்தார். நீலக் கோடு மடிப்பில் வந்து, எதிர்ப்பக்கத்தில் ஒரு மயிரிழை விலகித் தொடர்ந்தது. பூதக்கண்ணாடியை வைத்தார். மயிரிழை இல்லை. அரை மில்லிமீட்டருக்கு மேல்.

இரண்டு தாளுக்கு இவ்வளவு நகர வழியே இல்லை. எங்கிருந்து வந்தது என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. அட்டை. அவர்கள் அச்சகத்தில் அட்டையை வேறு மெஷினில் தனியாக அடிப்பது வழக்கம். அதனால் அட்டையின் தடிமன் பத்தில் மூன்று மில்லிமீட்டரைத் தன் ஏழு வரிக்குள் நிரந்தரமாக எழுதிவிட்டிருந்தார். இந்த மடிப்பிதழுக்கு அட்டையே கிடையாது. முதல் தாள்தான் அட்டை. ஊசி குத்திய ஐந்து புத்தகமும் அட்டை போட்டவை. ஆகவே சோதனையும் வாயைத் திறக்காது.

"என்ன அண்ணி, கோடு வெலகுதா?"

"வெலகுது. என்னாலதான்."

விஷயத்தைச் சொன்னார். நாத்தனார் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள்.

"ஆஸ்பத்திரி புத்தகத்துக்குச் சரியாத்தானே வருது?"

"அதுக்குச் சரிதான்."

"அப்ப போகட்டுமே. வெள்ளிக்கெழம உள்ள போயிடும். இத அப்பறமா சரிபண்ணிக்கலாம். பஸ் ரூட்டு அரை மில்லி தள்ளிப்போனா யாரும் ஊர் மாறிப் போயிடப் போறதில்ல."

"நம்ம கடைக்கு வேணா இது ஒண்ணுமில்ல. அட்டை தனியா அடிக்காத கடை எத்தனை இருக்கோ. அவங்களுக்கு இது வரைக்கும் ஒழுங்கா வந்திட்டிருக்கு. நாளைலேருந்து என் பேருல வெலகும்."

"இப்ப நிறுத்தினா?"

"வெள்ளிக்கெழமைக்குள்ள முடியாது."

"அப்ப ஆஸ்பத்திரி புத்தகத்துக்கு அந்த மூணு நாள் வேலை?"

"மறுபடியும்தான்."

நாத்தனார் அந்த மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நீங்க எழுதுங்க அண்ணி. நான் இத மெஷின்ல ஏத்த வேணாம்னு சொல்லிட்டு வரேன்."

பேனாக்கா எழுதினார்: "நிறுத்துங்கள். என் திருத்தத்தில் பிழை இருக்கிறது. அட்டை தனியாக இல்லாத புத்தகத்தைக் கெடுக்கும். மாதிரியின் படம் இணைத்திருக்கிறேன்."

அந்த முறை ஆமை ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டார். "ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். வெள்ளிக்குள் இதைச் சரிசெய்து மறுபடி பார்க்க நேரம் இல்லை, வருத்தம்தான். எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் இது பட்டிருக்காது."

திங்கட்கிழமை புதுக் கம்ப்யூட்டர் வந்தது. புதுப் பதிப்பு, பழைய பிழையோடு. பழைய கம்ப்யூட்டரை ஓர் ஆள் வந்து தூக்கிக்கொண்டு போனார். முதலாளி பேனாக்காவின் மேசைக்கு வந்தார்.

"என்ன பேனாக்கா, கைவிட்டுட்டாங்களா?"

"நான்தான் வேணாம்னு எழுதினேன்."

"நீங்களா?"

"தப்பு இருந்துச்சு."

"ஆஸ்பத்திரி வேலை இருபதாம் தேதி போகணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு முதலாளி போனார்.

புத்தகத்தின் பக்கங்கள் புதன்கிழமை வந்தன. போன வருடத்துக் கண்ணெரிச்சலை நினைத்துக்கொண்டே பேனாக்கா உட்கார்ந்தார். முதல் பக்கத்தை நகர்த்தக் கையை வைத்தவர் நிறுத்தினார். எவ்வளவு நகர்த்துவது என்று போன வருடம் தெரியாது. அதனால்தான் வெட்டி வெட்டிப் பார்த்து மூன்று நாள் போனது. இந்த வருடம் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆமைக்காக அளந்து எழுதிய இருபத்துநான்கு எண்களும் சோதனையில் வரிசையாக நின்றன. அட்டையோடு அளந்தவை, இந்தப் புத்தகத்துக்கென்றே அளந்தவை. அந்த அட்டவணையை அச்சடித்துத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினார். ஒவ்வோர் எண்ணாக இட்டார். மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன் தொண்ணூற்றாறு பக்கமும் முடிந்துவிட்டது.

நாத்தனார் மடித்தாள், பின் அடித்தாள், வெட்டினாள். பேனாக்கா நாற்பத்தொன்பதாம் பக்கத்தை விரித்தார். 7.5. ஐந்துக்கு அப்பால் நாலு மில்லிமீட்டர் வெள்ளை. முதல் பக்கத்திலும் நாலு, கடைசிப் பக்கத்திலும் நாலு. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை நாத்தனாரிடம் நீட்டினார்.

"நானா?"

"ரெண்டு பேர் பாத்தாதான் போகும்."

"இது எப்பலேருந்து?"

"இன்னைக்கிலேருந்து."

நாத்தனார் பேனாவை உடனே வாங்கவில்லை. புத்தகத்தை வாங்கி, தன் ஸ்கேலை எடுத்து, பத்துப் பதினைந்து பக்கம் அளந்த பிறகுதான் பெயரை எழுதினாள்.

பெட்டிகளை எடுக்கத் தலைமை நர்ஸ் தானே வந்திருந்தார். வணக்கம்கூடச் சொல்லாமல் மேலிருந்த ஒன்றை எடுத்து நேராக நடுப்பக்கத்துக்குப் போனார். பார்த்துவிட்டு மூடினார். அடியிலிருந்து இன்னொன்றை உருவி அதையும் பார்த்தார். அப்புறம்தான் வணக்கம் சொன்னார்.

திருத்தம் உள்ளே போக இன்னும் ஐந்து வாரம் ஆனது. அட்டை தனியா என்று புரோகிராம் இப்போது கேட்கும். ஆமென்றால் அதன் தடிமனைக் கேட்கும். அட்டை இல்லாத புத்தகத்துக்கும் பேனாக்கா ஊசி குத்தி அளந்து இரண்டாவது சோதனை எழுதினார். முதலாளியின் கம்ப்யூட்டரில் அப்டேட்டை அழுத்தியது நாத்தனார்தான். ஆமை கேட்டுக்கொண்டதற்காக, குத்திய புத்தகங்களில் ஒன்றைப் பேனாக்கா தபாலில் அனுப்பிவைத்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு படம் வந்தது. சாப்பாட்டு மேசை, பிரித்துப் பரப்பிய தாள்கள், குறுக்கே ஒரு ஸ்கேல். கீழே எழுதியிருந்தது: "பதினேழாம் தாளில் எனக்கு 2.0 வருகிறது. உங்கள் அட்டவணையில் 1.9. நான் தப்பாக அளக்கிறேனா?"

"விடுங்க அண்ணி, புத்தகமே போயாச்சு" என்றாள் நாத்தனார்.

பேனாக்கா இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்தார். பதினேழாம் தாளின் சராசரி அவர் கையெழுத்தில் 2.0 என்றுதான் இருந்தது. நோட்டிலிருந்து எடுத்து எழுதும்போது பிசகியிருக்கிறது. பத்தில் ஒன்று என்பதால் சோதனை பிடிக்கவில்லை, புத்தகத்திலும் தெரியவில்லை.

நீங்கள் அளந்ததே சரி என்று எழுதிவிட்டு, அட்டவணையைத் திறந்து எண்ணை மாற்றினார். அனுப்பும் முன் ஒருமுறை பார்த்தார். மாறியிருந்தது ஒரு வரி. அதற்கு மேல்வரியில் தேவையில்லாத இடைவெளி ஒன்று இருந்தது. கை போனது. பிறகு ஒரு துண்டுத் தாளை எடுத்து, அந்த வரியின் எண்ணைச் சிவப்புப் பேனாவால் குறித்து, இன்னொரு நாள் தனியாக அனுப்புவதற்காகத் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்தார்.